சாட்சியில்லாத பாட்டு

ஒரு கலை பிரபலமாகிறது என்பது ஒரு விஷயம். அது யார் பெயரில் பிரபலமாகிறது என்பது வேறு விஷயம். 1979 செப்டம்பரில் வெளிவந்த 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற இசைத்தட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் விஷயத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஃபாட்பேக் பேண்ட் குழுவின் ஒரு தட்டு அதே ஆண்டில் சற்று முன்னதாகவே வந்துவிட்டது என்றாலும், ஹிப்-ஹாப்பை நியூயார்க்குக்கு வெளியே கொண்டுபோனது ஷுகர்ஹில் காங் என்ற மூவரின் இந்தத் தட்டுதான். பில்போர்டின் பொதுப் பட்டியலில் 36ஆம் இடம், ஸோல் இசைப் பட்டியலில் 4ஆம் இடம், பிரிட்டனில் 3ஆம் இடம், கனடாவில் முதலிடம். 2011ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இதைச் சேர்த்தது. எல்லாம் உண்மை. இந்த வெற்றிக்குள் ஒரு பெயர் புதைந்து கிடக்கிறது என்பதும் உண்மை.

ராப் இசைத்தட்டாகப் பிறக்கவில்லை. இசைத்தட்டை வைத்துக்கொண்டு வேறொன்று செய்ததில் பிறந்தது. 1973 ஆகஸ்ட் 11 அன்று, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில், ஸிண்டி காம்ப்பெல் என்ற பெண் ஒரு நடன விருந்து வைத்தாள். பள்ளி திறக்குமுன் புதுத்துணி வாங்கப் பணம் வேண்டும். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். தட்டுகளை ஓட்டியவர் அவளுடைய அண்ணன் கிளைவ். கூல் ஹெர்க் என்று பின்னால் பெயர் பெற்றவர். 1967இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனிலிருந்து வந்தவர். அந்த ஊரில் தெருவில் பெரிய ஒலிபெருக்கிகளை நிறுத்தி, ஓடுகிற பாட்டின் மேலேயே பேசுவது வழக்கம். ஆடுகிறவர்கள் பாட்டு முழுவதற்காகவும் காத்திருப்பதில்லை, குரல்கள் அடங்கி டிரம் மட்டும் ஒலிக்கிற சில நொடிகளுக்காகவே காத்திருக்கிறார்கள் என்பதை ஹெர்க் கண்டுகொண்டார். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிள்களில் மாற்றிமாற்றி ஓட்டி, அந்த நொடிகளை நிமிஷங்களாக நீட்டினார். ஆக, இக்கலையின் முதல் படைப்பாளி தட்டு ஓட்டுகிற டி.ஜே. தான். பேச்சு அவருக்கு ஒத்தாசையாக வந்தது. வந்தவர்கள் பெயரைச் சொல்லி அழைப்பது, கூட்டத்தை உசுப்புவது, பிறகு எதுகையோடு தன்னைப் பற்றியே பெருமையடித்துக்கொள்வது என்று வளர்ந்து, எழுபதுகளின் பிற்பகுதியில் எம்.ஸி. என்பவர் தனி ஆளாக நின்றார்.

இந்தச் சபைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. கூட்டத்தை எழுப்பும் கூவல்கள் எல்லோருக்கும் பொது. ஆனால் ஒருவர் கட்டிய நீண்ட வரிசைகள் அவருடையவை. அதை எந்தப் பத்திரமும் சொல்லவில்லை, கூட்டம் சொல்லிற்று. போன வாரம் பூங்காவில் யார் வாயில் கேட்டது என்பது அங்கே நின்றிருந்தவர்களுக்குத் தெரியும். இன்னொருவருடையதைத் திருப்பிச் சொன்னால் 'கடிக்கிறான்' என்று ஏளனம் செய்வார்கள். எழுத்தில் பதியாத ஒரு கலைக்குக் காப்புரிமை அலுவலகம் அதன் ரசிகர் கூட்டம்தான். விருந்துகளில் பதிவான கேஸட்டுகள் கைமாறிக்கொண்டிருந்தபோதுகூட இந்த ஞாபகம் பெரிதும் குலையவில்லை. கேஸட்டை வாங்குகிறவனும் அதே வட்டாரத்தான்.

ஸில்வியா ராபின்ஸன் இந்த வட்டாரத்துக்கு வெளியே இருந்தவர். 1950களிலேயே பாடகியாகப் புகழ் பெற்றவர், பாடல் எழுதுகிறவர், நியூ ஜெர்ஸி மாநிலத்து எங்கிள்வுட் ஊரில் கணவரோடு இசைத்தட்டுக் கம்பெனி நடத்தியவர். ஹார்லெமில் ஒரு விருந்தில், தட்டின் மேல் ஒருவர் பேசிக் கூட்டத்தை ஆட்டிவைப்பதைப் பார்த்தார். இதைத் தட்டில் போட்டால் விற்கும் என்பது அவர் ஊகம். பிராங்க்ஸில் பேர் பெற்ற கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷுக்கே அந்த நம்பிக்கை இருக்கவில்லை. ஏற்கெனவே பதிவான பாட்டின் மேல் பேசுவதைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள் என்று தான் நினைத்ததாக அவர் பின்னால் சொல்லியிருக்கிறார். ஸில்வியா ஆள் தேடியது எங்கிள்வுட்டிலேயே. பிட்ஸா கடையில் வேலை செய்துகொண்டே கேஸட்டோடு சேர்ந்து வரிகளைச் சொல்லிக்கொண்டிருந்த ஹென்றி ஜாக்ஸன் என்ற பிக் பாங்க் ஹாங்க் கிடைத்தார். கடைக்கு வெளியே காரில் உட்கார்ந்து சொல்லிக் காட்டினார். வொண்டர் மைக், மாஸ்டர் ஜீ என்ற இருவரும் அன்றே வந்து சேர்ந்தார்கள். மூவரும் அதற்கு முன் ஒரு குழுவாக எந்தச் சபையிலும் நின்றவர்கள் அல்லர்.

பதிவில் முதலில் காணாமற்போனவர் டி.ஜே. அடித்தளமாக எடுத்துக்கொண்டது ஷீக் குழுவின் 'குட் டைம்ஸ்'. 1979 ஆகஸ்டில் பில்போர்டில் முதலிடம் பிடித்த டிஸ்கோ பாட்டு. அதன் உயிர் பெர்னார்ட் எட்வர்ட்ஸின் பேஸ் கிதார். பிராங்க்ஸில் என்றால் அந்தப் பகுதியை இரண்டு தட்டுகளில் ஓட்டியிருப்பார்கள். ஸ்டூடியோவில் வாத்தியக்காரர்களை அழைத்து, அதையே திரும்பத்திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். டிஸ்கோவுக்காகப் புழக்கத்துக்கு வந்திருந்த 12 அங்குலத் தட்டு 14 நிமிஷத்துக்கு மேற்பட்ட இந்தப் பேச்சுக்கு இடம் கொடுத்தது. ஆட்டத்துக்காகத் தட்டை உடைத்துப் பயன்படுத்திய கலை, உடைக்க முடியாத ஒரு தட்டாகிவிட்டது.

இந்த ஒரே பாட்டில் இரண்டு கடன்கள் இருக்கின்றன. இரண்டும் தீர்ந்த விதத்தைப் பார்க்க வேண்டும். ஷீக்கின் நைல் ராட்ஜர்ஸ் ஒரு நடனக் கிளப்பில் தன் பாட்டு வேறு குரல்களோடு ஒலிப்பதைக் கேட்டார். அவரும் எட்வர்ட்ஸும் வழக்கு என்று கிளம்பியதும், பாட்டின் ஆசிரியர்களாக அவர்கள் பெயர் ஏறியது, பணமும் வந்தது. நியாயம்தான். அடுத்தது ஹாங்க் சொன்ன வரிகள். அவற்றில் பெரும்பகுதி பிராங்க்ஸின் கர்ட்டிஸ் ஃபிஷர் என்ற கிராண்ட்மாஸ்டர் காஸ் கட்டியவை. ஹாங்க் அவருக்கு அந்நியரல்லர். அவருடைய குழுவுக்கு மானேஜராக இருந்தவர். கேட்டபோது தன் நோட்டுப்புத்தகத்தையே எடுத்துப் போட்டு, வேண்டியதை எடுத்துக்கொள் என்றதாகக் காஸ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நண்பனுக்கு வாய்ப்பு வந்தால் தனக்கும் வரும் என்ற எண்ணம். தட்டில் அவர் பெயர் வரவில்லை, பணமும் வரவில்லை.

விநோதம் என்னவென்றால், அவர் பெயர் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. காஸுக்கு அப்போதிருந்த இன்னொரு மேடைப்பெயர் காஸனோவா ஃப்ளை. அதை எழுத்தெழுத்தாக உச்சரித்துக் காட்டும் இடத்தை ஹாங்க் மாற்றாமல் அப்படியே சொல்கிறார். கீர்த்தனையின் கடைசியில் வரும் முத்திரையைத் தன்னுடையதென்று ஒருவர் பாடுவது மாதிரி. பூங்காவில் இதைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே கூட்டம் சிரித்திருக்கும். லண்டனிலும் டொரண்டோவிலும் தட்டை வாங்கியவர்களுக்கு அது ஒரு வேடிக்கையான எழுத்துக்கூட்டல். கையெழுத்து இருக்கிறது, அதைப் படிக்கத் தெரிந்த சாட்சிகள் இல்லை. ஷீக்கின் ராகம் ஏற்கெனவே தட்டில் அச்சாகியிருந்ததால் சட்டத்துக்கு அதன் சொந்தக்காரர் தெரிந்தார். காஸின் சொற்கள் வாயிலும் நோட்டிலும் மட்டும் இருந்ததால் தெரியவில்லை. வாய்மொழி அச்சுக்குள் போகும்போது, ஏற்கெனவே அச்சில் இருப்பவன்தான் ஆசிரியனாகத் தப்பிக்கிறான்.

இதனால் பாட்டு மட்டமாகிவிடாது. அதை வெறும் வியாபாரம் என்று தள்ளுவது சுலபம், சரியல்ல. நண்பன் வீட்டில் வாய்க்கு விளங்காத சாப்பாட்டில் மாட்டிக்கொள்வதை வொண்டர் மைக் சொல்லும் இடத்தில் நல்ல கதைசொல்லியின் நிதானம் இருக்கிறது. தொடக்கத்தில் வரும் அர்த்தமற்ற அசைகள் அர்த்தத்துக்காக வரவில்லை. தாளத்தைக் கைக்குள் கொண்டுவர வருகின்றன. இந்தத் தட்டு விற்றிராவிட்டால் ஃப்ளாஷும் கம்பெனிகளைத் தேடிப் போயிருக்க மாட்டார். 1981இல் அதே ஷுகர் ஹில் கம்பெனிக்காக அவர் டர்ன்டேபிள்களை மட்டும் வைத்து ஒரு தட்டுச் செய்தார். அதிலும் 'குட் டைம்ஸ்' உண்டு. டி.ஜே. திரும்பிவந்தார். ஆனால் கம்பெனியின் பழக்கம் மாறவில்லை. 1982இல் வறுமையைப் பற்றிய 'தி மெஸேஜ்' ஃப்ளாஷ் குழுவின் பெயரில் வந்து பெரும் பெயர் பெற்றது. அதன் பெரும்பகுதியை எழுதிய ட்யூக் பூட்டி அந்தக் குழுவில் இல்லை. குழுவில் அதை எழுதவும் பேசவும் பங்கெடுத்தவர் மெல்லி மெல் ஒருவர்தான்.

ஸில்வியா 2011இலும் ஹாங்க் 2014இலும் இறந்துபோனார்கள். காஸ் தன் வரிகளைத் தானே மேடைகளில் சொல்லி, நடந்ததையும் சொன்னார். இன்று ஹிப்-ஹாப் வரலாறு எழுதுகிற எவரும் அவர் பெயரை விடுவதில்லை. பணம் திரும்பவில்லை. சபை செய்ய வேண்டிய வேலையை மிகத் தாமதமாக விமர்சனம் செய்திருக்கிறது. விமர்சனத்துக்கு இதைவிடப் பெரிய வேலை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.