தொலைபேசியில் தொடங்கிய பேச்சுப் பயிற்சி

பக்கவாதம் என்றதும் நம் கண்முன் வருவது செயலிழந்த கையும் காலும்தான். நாக்கு அசைந்தும் சொல் வராமல் தவிப்பவரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அஃபேசியா எனப்படும் இந்த மொழியிழப்பில் அறிவு போய்விடுவதில்லை. சொல்லுக்குப் போகும் வழிதான் அடைபடுகிறது. 1861-இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் கண்ட நோயாளி, எதைக் கேட்டாலும் 'டான்' என்றே பதில் சொன்னார். அவர் இறந்தபின் மூளையைப் பரிசோதித்த புரோக்கா, அதன் இடது முன்பகுதி சிதைந்திருந்ததைக் கண்டார்.

இழந்த பேச்சைப் பயிற்சியால் ஓரளவு மீட்கலாம். அதற்கு மாதக்கணக்கில் சிகிச்சையாளர் முன் அமர வேண்டும். நம் நாட்டில் இதற்கான பட்டப்படிப்பே 1995-இல்தான் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. தெலுக் இந்தான் வட்டாரத் தோட்டப்புறத்திலிருந்து, நடக்க முடியாதவரை வாரந்தோறும் மருத்துவமனைக்கு ஏற்றி இறக்குவது பெரும்பாடு. ஈப்போவரை என்றால் கேட்கவே வேண்டாம்.

தூரத்திலிருந்து பயிற்சி தருவது கொரோனா காலத்தில் பிறந்தது எனப் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 1970-களிலேயே அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில், குவினத் வான் என்ற அம்மையார் தொலைபேசி வழியாகவே பேச்சுப் பயிற்சி அளித்தார். முகம் தெரியாது, குரல் மட்டுந்தான். நாமோ 1997-இல் தொலைமருத்துவச் சட்டமே இயற்றினோம். அது பல்லாண்டு அமலுக்கு வராமல் கிடந்தது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகே பலரும் திரைவழிச் சிகிச்சையைத் திரும்பிப் பார்த்தனர்.

திரையில் சிகிச்சையாளரின் வாயசைவைப் பார்க்கலாம், படம் காட்டலாம். குறையும் உண்டு. பேச வராத சிலருக்குப் பாட்டு வரும். அதை வைத்து 1973-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் இசைவழிப் பயிற்சியை அறிவித்தனர். சிகிச்சையாளரும் நோயாளியும் சேர்ந்து பாட வேண்டும். காணொளியில் குரல் சற்றுப் பிந்தி வருவதால் அந்தச் சேர்ந்திசை கெட்டுவிடும். நேரலையில் அரை விநாடி தாமதம் படுத்தும் பாடு எங்களைப் போன்ற அறிவிப்பாளர்களுக்குத் தெரியும்!

ஆனாலும் தூரத்தைவிடப் பெரிய சிக்கல் மொழி என்பேன். தமிழிலேயே வாழ்ந்த தோட்டத்துப் பெரியவரிடம் குவளைப் படத்தைக் காட்டி மலாயில் 'சாவான்' என்று சொல்லச் சொன்னால், வராதது சொல்லா, மொழியா என எப்படிப் பிரிப்பது? 'தே...' என்று எடுத்துக் கொடுத்தால் 'தேத்தண்ணி' வந்துவிடலாம். தமிழ் தெரிந்த சிகிச்சையாளர் பினாங்கில் இருந்தாலும், பேத்தி கைப்பேசியைப் பிடித்துக்கொண்டால் தெலுக் இந்தான் வீட்டு வரவேற்பறைக்கே வந்துவிடலாம். மருத்துவமனையில் பதியும்போதே கேளுங்கள்: "எங்கள் அப்பாவுக்குத் தமிழில் பயிற்சி கிடைக்குமா? காணொளியில் முடியுமா?"