கணப்புக் கொக்கியும் ஒற்றைப் பானையும்: பிரான்சின் நாட்டுப்புறச் சமையல் உருவான வரலாறு

பிரான்சில் புதுவீடு குடிபோகிறவர்கள் நண்பர்களுக்கு வைக்கும் விருந்துக்கு 'பாந்த்ர் லா க்ரெமயேர்' என்று பெயர். கொக்கியை மாட்டுதல் என்பது அதன் பொருள். கணப்பு நெருப்புக்கு மேலே பானையைத் தொங்கவிடும் பல் வைத்த இரும்புக் கொக்கிதான் க்ரெமயேர். அதை மாட்டிய பிறகே வீடு வீடாயிற்று. 1328இல் ஆறாம் பிலிப் மன்னரின் அதிகாரிகள் நாட்டைக் கணக்கெடுத்தபோதும் ஆட்களை எண்ணவில்லை, அடுப்புகளைத்தான் எண்ணினார்கள். அந்த அடுப்பின் ஒற்றைப் பானையிலிருந்து, 'பிரெஞ்சு நாட்டுப்புறச் சமையல்' என்று இன்று உலகம் போற்றும் குடும்பச் சாப்பாடு எப்படி உருவானது? ஆதிமுதல் மாறாமல் வந்த குடியானவர் உணவு அது என்று பரவலாக நம்பப்படுகிறது. சான்றுகள் அந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை.

முதலில் 'சூப்' என்ற சொல்லைப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் அது சாற்றைக் குறிக்கவில்லை. சாற்றை ஊற்றி ஊறவைக்கும் ரொட்டித் துண்டைக் குறித்தது. ரொட்டியை ஊறவைக்க வேண்டியிருந்ததற்குக் காரணம் விறகு. ரொட்டி சுடும் பெரிய அடுப்பைச் சூடாக்க விறகு ஏராளமாக வேண்டும். அதனால் வாரக்கணக்குக்குச் சேர்த்தே சுட்டார்கள். ஆல்ப்ஸ் மலையூர்கள் சிலவற்றில் ஆண்டுக்கு ஓரிரு முறைதான் அடுப்பு மூட்டினார்கள். கல்லாக இறுகிய அந்த ரொட்டியை மெல்ல வேண்டுமென்றால் கொதிக்கும் சாறு தேவை. பானைக்குள் முட்டைக்கோஸ், டர்னிப், லீக், வெங்காயம் ஆகியவை கிடந்தன. வசதிப்பட்டால் ஒரு துண்டு உப்புக்கண்டமும் சேர்ந்தது. குடியானவர் வீட்டில் காலையும் மாலையும் இதுதான் உணவு.

அந்த உப்புக்கண்டம் எல்லா வீட்டிலும் ஒரே எளிமையில் கிடைத்துவிடவில்லை. 'கபேல்' என்னும் உப்பு வரியை விரித்துப் பேசாமல் இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. 1680ஆம் ஆண்டு அரசாணைப்படி, வரி மிகுந்த வட்டாரங்களில் ஒவ்வொரு குடும்பமும் அரசுக் கிடங்கில் குறிப்பிட்ட அளவு உப்பைக் கட்டாயமாக வாங்க வேண்டும். எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களில் பதினான்கு பேருக்கு ஒரு 'மினோ' அளவு உப்பு என்பது கணக்கு. அந்த உப்பைப் பானைக்கும் மேசை உப்புக் கிண்ணத்துக்கும் மட்டுமே பயன்படுத்தலாம். ஆண்டுக்கு ஒருமுறை அறுக்கும் பன்றியை உப்பிட்டு வைக்க அதைத் தொடக்கூடாது; அதற்குத் தனியாக வாங்க வேண்டும். பன்றி இருந்தும் உப்பு வாங்க வழியில்லாத ஏழையின் பானையில் வெறும் சாறுதான் கொதித்தது. பிரித்தானி மாகாணத்துக்கு இந்த வரி கிடையாது. அங்கே வெண்ணெயிலேயே தாராளமாக உப்பைச் சேர்த்தார்கள். இன்றுவரை பிரித்தானி வெண்ணெய் உப்பு வெண்ணெய்தான். 1790இல் புரட்சி அரசு கபேலை ஒழித்தது. 1806இல் நெப்போலியன் உப்பு வரியை மீண்டும் கொண்டுவந்தார்.

வட்டாரத்துக்கு வட்டாரம் பானை மாறியது. வடக்கிலும் மேற்கிலும் வெண்ணெய், தென்மேற்கில் வாத்துக் கொழுப்பு, தென்கிழக்கில் ஆலிவ் எண்ணெய். செவென் மலைப்பகுதியில் கோதுமை விளையாத இடத்தில் செஸ்நட் கொட்டையே ரொட்டிக்கு ஈடாக நின்றது. அமெரிக்காவிலிருந்து வந்த வெள்ளை பீன்ஸ் 16ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு ஃபாவா மொச்சையின் இடத்தைப் பிடித்தது. அது இல்லாமல் காஸ்தெல்நோதாரி ஊரின் 'கசுலே' என்னும் பீன்ஸ் உணவு இன்றைய வடிவத்தை அடைந்திருக்காது. உருளைக்கிழங்கை உண்ணலாம் என்று பாரிஸ் மருத்துவப் புலம் ஒப்புக்கொண்டது 1772இல்தான். பிரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தபோது அதைத் தின்றே உயிர்வாழ்ந்த மருந்தாளர் பார்மான்தியேவின் விடாமுயற்சி அதற்குப் பின்னால் இருந்தது.

பெரிய திருப்பம் கிராமத்தில் நிகழவில்லை, நகரத்தில் நிகழ்ந்தது. அதுவரை சமையல் நூல்கள் பெரும்பாலும் பிரபுக்களின் ஆண் சமையற்காரர்களை நோக்கியே எழுதப்பட்டன. 1746இல் மெனோன் வெளியிட்ட 'லா க்விசினியேர் பூர்ஷுவாஸ்' தலைப்பிலேயே பெண் சமையற்காரியை முன்னிறுத்தியது. நடுத்தர வீட்டுச் செலவுக்குள் அடங்கும் சமையலைச் சொன்ன அந்நூல் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மறுபதிப்புகள் கண்டது. மாட்டிறைச்சியை மணிக்கணக்கில் மெல்ல வேகவைக்கும் 'பொத்தோஃபே' நகர வீட்டின் ஞாயிறு உணவாக நிலைத்தது. குடியானவர்களுக்கோ கசாப்புக்கடை இறைச்சி திருநாள் பண்டம். 1870 முதல் 1914 வரையிலான கிராமப்புற பிரான்சை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் யூஜின் வெபர், அங்கே சாப்பாட்டில் இறைச்சி பெருகியதே அந்த நாற்பதாண்டுகளில்தான் என்று காட்டுகிறார். ரயில்பாதையும் சந்தையும் வார்ப்பிரும்பு அடுப்பும் வந்த காலம் அது. 'பூர்கொஞ் மாட்டிறைச்சி' என்ற பெயர் அச்சில் தலைகாட்டுவதும் 19ஆம் நூற்றாண்டில்தான்.

அதன்பின் வட்டாரப் பெருமை எழுந்தது. 1921இல் உணவு எழுத்தாளர்கள் கியூர்னோன்ஸ்கியும் மார்செல் ரூஃபும் 'லா ஃபிரான்ஸ் காஸ்த்ரோனொமிக்' வரிசையைத் தொடங்கி, காரில் வந்த நகரப் பயணிகளுக்கு ஊர்ச் சமையலை அறிமுகம் செய்தார்கள். 1932இல் மனையியல் ஆசிரியை ஜினெத் மத்தியோ எழுதிய 'ஷ சே க்விசினே', வீட்டுச் சமையலை நாடெங்கும் அன்றாடப் பாடமாக்கியது. 'பாட்டி கைப்பக்குவம்' என்று இன்று கொண்டாடப்படும் பலவற்றை அந்தப் பாட்டிகள் கற்றது இத்தகைய அச்சுப் பக்கங்களிலிருந்து. இதனால் அவர்கள் உழைப்பின் மதிப்பு குறையாது. குறைந்த செலவில் குடும்பத்துக்கு நிறைவாகப் பரிமாறியவர்கள் அவர்களே. 1953இல் செப் நிறுவனம் பிரஷர் குக்கரைக் கொண்டுவந்தபோது மணிக்கணக்கான வேக்காடும் சுருங்கியது.

இத்தனை மாற்றங்களுக்கும் முந்தையது இன்றைய பிரெஞ்சு வெங்காய சூப்பில் கிடக்கிறது. உருகிய சீஸுக்கு அடியில் சாற்றில் ஊறியிருக்கும் அந்த ரொட்டித் துண்டுதான் ஒரு காலத்தில் 'சூப்' என்று அழைக்கப்பட்டது.