அம்புலியை அழைத்தவளின் ஒரு நாள்

மாதத்தின் இரண்டாம் ஞாயிறுதோறும், மதுரையில் நம் நண்பர்களுள் மூத்தவரான ஓய்வுபெற்ற தமிழாசிரியரின் இல்லத்தில் கூடிப் பழந்தமிழ் நூல்களை வாசிப்பது நம் வழக்கம். இவ்வாண்டு பெரியாழ்வார் திருமொழியை எடுத்துக்கொண்டோம். முதல் திருமொழியின் ஒன்பதாம் பாசுரம் வந்தது. தொட்டிலில் கிடத்தினால் அது கிழியும்படி உதைக்கிறான். தூக்கிக் கொண்டால் இடுப்பை ஒடித்துவிடுகிறான். இறுக அணைத்தால் வயிற்றில் பாய்கிறான். நான் இளைத்தே போனேன் என்று ஆயர்பாடித் தாய் இன்னொரு பெண்ணிடம் முறையிடும் பாசுரம். நண்பர் ஒருவர் பதம் பிரித்துப் பொருள் சொல்லி முடிக்கவும், சமையலறை வாயிலிலிருந்து சிரிப்பொலி கேட்டது. ஆசிரியரின் மருமகள், ஒன்றரை வயது மகனை இடுப்பில் வைத்தபடி நின்றிருந்தார். கணினித் துறை வேலையைப் பிள்ளைப்பேற்றுக்குப் பின் விட்டவர்.

"மாமா, இதை எழுதுனவரு பிள்ளை வளர்த்தவரா?"

"துளசிச் செடியடியில கண்டெடுத்த பிள்ளைய வளர்த்தவரும்மா" என்றார் ஆசிரியர்.

"அதான பார்த்தேன்" என்று அவர் உள்ளே போய்விட்டார். பையன் எதையோ உருட்டிவிட்டிருந்தான்.

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நாம் சில நூல்களை மீண்டும் புரட்டினோம். வீட்டிலிருந்து சிறுபிள்ளையைப் பார்த்துக்கொள்பவரின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதைத் தமிழ் எங்கேனும் பதிந்து வைத்திருக்கிறதா? இருக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் இல்லை.

சங்கப் பாடல்களில் தொடங்குவோம். குழந்தை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பாண்டியன் அறிவுடைநம்பியின் பாட்டு (புறம் 188). தத்தித் தத்தி நடந்து வந்து, குட்டிக்கை நீட்டி, உணவைத் தொட்டு, கவ்வி, துழாவி, நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளையை வினைச்சொல் வினைச்சொல்லாக அடுக்கிக் காட்டுகிறான் மன்னன். கண்ணால் கண்டவன் எழுதியது என்பதில் ஐயமில்லை. ஆயின், அந்த நெய்ச்சோற்றைத் துடைத்து அப்பிள்ளையைக் குளிப்பாட்டியவர் யார் என்று பாட்டில் இல்லை. உணவுக்கு அமர்ந்திருந்த தந்தையின் பார்வை அது. இன்பம் முழுதும் அவனுக்கு. ஈரத்துணி வேறு யார் கையிலோ.

அந்த வேறு யாரோ எவர் என்பதை நற்றிணை 110 ஓரளவு காட்டுகிறது. போதனார் பாடியது. பொற்கிண்ணத்தில் தேன் கலந்த பால் ஒரு கையில். மிரட்டுவதற்கென்று மென்மையான சிறுகோல் மறு கையில். குடிக்க மாட்டேன் என்று காற்சிலம்பு ஒலிக்கப் பந்தரின் கீழ் ஓடுகிறாள் சிறுமி. பின்னால் ஓடி ஓடி ஓய்ந்து போகிறவர்கள் நரைத்த கூந்தலையுடைய செவிலியர். அப்படி வளர்ந்தவள் இன்று கணவன் வீட்டு வறுமையில் ஒரு வேளை விட்டு ஒரு வேளை உண்ணும் மனத்திட்பத்தை எங்கே கற்றாள் என்பதே பாட்டின் வியப்பு. நமக்கோ அந்த நரைத்த கூந்தல்தான் கண்ணில் நிற்கிறது. செல்வர் வீடுகளில் பிள்ளை வளர்ப்பு செவிலியின் பொறுப்பு. தொல்காப்பியம் அவளுக்கு அகத்திணையில் பேசும் உரிமையைத் தருகிறது. பேரை மட்டும் எந்தப் பாட்டும் தரவில்லை.

நிற்க. பெரியாழ்வாருக்கு வருவோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்து, கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுத்தவர். 9ஆம் நூற்றாண்டினர் என்பர் பலர். துளசிச் செடியருகே கண்டெடுத்த பெண்மகவை வளர்த்தார், அவளே ஆண்டாள் என்பது வைணவ மரபு. அதை வரலாறாகக் கொள்வதா, புனைவாகக் கொள்வதா என்னும் வழக்கில் நாம் இங்கே நுழையவில்லை. மரபுப்படியே பார்த்தால், அவருடைய வேலையிடமும் வீடும் ஏறத்தாழ ஒன்றுதான்: ஒரு தோட்டம், ஒரு பிள்ளை. 461 பாசுரங்கள் கொண்ட திருமொழியின் முற்பகுதியில் அவர் ஆணாகப் பேசவில்லை, அசோதையாகப் பேசுகிறார். அப்பாசுரங்கள் நாளின் ஒழுங்கில் அமைந்தவை அல்ல. அவற்றைப் பொழுதுவாரியாக நாம் அடுக்கிப் பார்த்தோம்.

முதலில் பால். இராத்திரி உண்ணாமலே உறங்கிவிட்டாய், இன்றும் உச்சிப்பொழுது ஆகிவிட்டது, எழுந்து வந்து குடி என்று அழைக்கிறாள். பிள்ளையின் வயிறு ஒட்டியிருக்கிறது. தாய்க்கோ பால் கட்டித் தானாக வழிகிறது. இரண்டு உடல்களின் நெருக்கடியும் ஒரே பாட்டில் இருக்கின்றன. பால் கொடுக்கும் நேரம் தவறினால் தாயின் உடல் என்ன பாடுபடும் என்பதைப் பேச இன்றும் தயங்குகிறோம். பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன் ஓர் ஆடவர், பாடி வழிபடுவதற்குரிய பாசுரத்தில் அதை வைத்திருக்கிறார்.

பகலில் அயல்வீட்டார் வருகிறார்கள். உன் பிள்ளை எங்கள் வீட்டில் என்னென்ன செய்தான் தெரியுமா, கூப்பிட்டுக்கொள் என்று முறையிடுகிறார்கள். அதற்கெனவே தனித் திருமொழிகள். வீட்டுக்குள் இருப்பவளுக்கு உலகம் இப்படித்தான் வந்து சேர்கிறது.

பிறகு நீராட்டு. இதுதான் நம்மை மிகவும் கவர்ந்த பகுதி. வெண்ணெய் நாற்றமும் விளையாடிய புழுதியுமாக இரவெல்லாம் உடம்பைத் தேய்த்துக்கொண்டு கிடக்க உன்னை விடமாட்டேன். எண்ணெயும் புளிப்பழமும் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறேன் என்கிறாள். புளிப்பழம் எதற்கு? எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கத்தான். பித்தளைப் பாத்திரத்துக்குப் புளியிட்டுத் தேய்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிள்ளை வருவதாக இல்லை. ஆகவே கையூட்டு: அப்பமும் சிற்றுண்டியும் சுட்டு வைத்திருக்கிறேன், தின்ன வேண்டுமானால் குளிக்க வா! ஆசிரியரின் மருமகள் ரொட்டித்துண்டைக் காட்டிக் குளியலறைக்கு அழைத்ததை நாமே பார்த்தோம்.

குளித்த தலையை வாருவதற்குள் பிள்ளை ஓடிவிடும். அதற்குக் காக்கை வேண்டும். காக்கையே, வந்து இவனுக்குத் தலை வார வா என்று அழைக்கும் பத்து அடுத்தது. காக்கை வந்து வாரப்போவதில்லை என்பது அழைப்பவளுக்குத் தெரியும். பிள்ளை காக்கையைப் பார்த்திருக்கும் நேரத்துக்குள் சிக்கெடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். பின்னர்ப் பூச்சூட்டல்: செண்பகம், மல்லிகை, பாதிரி, புன்னை, குருக்கத்தி, செங்கழுநீர் என்று பாட்டுக்கொரு பூ. இங்கே மட்டும் அசோதையின் குரலுக்குள்ளிருந்து தோட்டக்காரர் எட்டிப் பார்க்கிறார் என்றே தோன்றுகிறது.

அந்திப்பொழுதில் காப்பிட வேண்டும். தெருவிலும் மன்றத்திலும் நில்லாதே, உள்ளே வா என்று கூவுகிறாள். கன்றுகள் வீட்டுக்குள் புகுந்துவிட்டன, பசுக்கள் கதறுகின்றன, உன்னைக் கூப்பிட்டபடி நின்றதில் என் வேலை எல்லாம் நின்றுபோயிற்று, உனக்கோ கொஞ்சமும் அன்பில்லை என்கிறாள். பிள்ளை வளர்ப்பைத் தனியாக யாரும் செய்வதில்லை. கறவையும் கடைவதும் சமையலும் கூடவே நடந்தாக வேண்டும். அவற்றுள் எதை விட்டாலும் கதறல் கேட்கும். இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வேறோர் இடத்தை நாம் அறியோம்.

இரவில் அம்புலி. இடுப்பில் இருந்தபடியே நிலவைச் சுட்டிக் காட்டுகிறான் பிள்ளை. வா, விரைந்து வா என்று நிலவை அழைக்கிறாள். ஏன் விரைவு? கொட்டாவி விடுகிறான், உறங்காவிட்டால் குடித்த பால் செரிக்காது! நிலவை அழைக்கும் பாடல்கள் தமிழில் எத்தனையோ உண்டு. பால் செரிக்குமா என்ற கவலையோடு அழைப்பவள் இவள்.

இவ்வளவுக்கும் பிறகு, தொடக்கத்தில் சொன்ன அந்தப் பாசுரத்தை வைத்துப் பாருங்கள். நான் இளைத்தேன் என்று அவள் சொல்வது கடவுளிடம் அன்று. பக்கத்திலிருக்கும் இன்னொரு பெண்ணிடம்.

பெரியாழ்வார் விரித்த இப்பொழுதுகள் பின்னாளில் பிள்ளைத்தமிழ் என்னும் தனி இலக்கிய வகையாயின. குலோத்துங்கன் பிள்ளைத்தமிழை 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடினார். பருவங்கள் பத்து என்று வரையறுக்கப்பட்டன. 3ஆம் மாதத்தில் காப்பு, 5இல் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, 9இல் கை கொட்டும் சப்பாணி, 13இல் தளர்நடையிட்டு வரும் வருகை, இப்படியே 21ஆம் மாதம்வரை ஒற்றைப்படை மாதங்களாக ஒரு கணக்கு உண்டு. (பாட்டியல் நூல்கள் இதில் தமக்குள் ஒத்துப்போவதில்லை.) குழந்தை மருத்துவர் வைத்திருக்கும் வளர்ச்சி அட்டவணைக்கு இது அதிகத் தொலைவில் இல்லை. பிள்ளையை உற்றுப் பார்த்தவர்கள்தாம் இதை வகுத்திருக்க முடியும்.

ஆனால் ஒன்று விடுபட்டுப்போயிற்று. பாட்டுடைத் தலைவன் அரசனாகவோ முருகனாகவோ ஆனபின், பாடுகின்றவளுக்கு இடுப்பு வலிப்பதில்லை. அம்புலிப் பருவத்தில் நிலவை அழைப்பதற்குச் சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நால்வகை உபாயங்கள் வந்துசேர்ந்தன. தூங்கவைக்க அலைந்தவளின் தந்திரம் அரசவையின் தந்திரமாயிற்று! 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் காலத்தில் குமரகுருபரர் மதுரையில் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைச் சொல்லழகில் மிஞ்ச ஒன்றில்லை என்போர் நம் குழுவிலேயே மூவர் உண்டு. அவர்களோடு நமக்கு வழக்கில்லை. துறவியான குமரகுருபரர், அன்னையையே குழந்தையாகக் கண்டார். அந்தக் காட்சியின் ஒளியில் பிள்ளை மட்டுமே தெரிகிறது. தூக்கியிருக்கும் கை தெரிவதில்லை.

நிலவைக் காட்டும் கை அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தையது. புறநானூறு 160இல் பெருஞ்சித்திரனார் குமணனிடம் பரிசில் வேண்டும்போது தம் வீட்டைச் சொல்கிறார். குடுமித் தலையுடைய மகன் தாயிடம் பாலின்றி, கூழும் சோறும் தேடி வெறுங்கலங்களைத் திறந்து பார்த்து அழுகிறான். அவள் புலி வருகிறது என்கிறாள். நிலவைக் காட்டுகிறாள். அப்பா மேல் கோபம் வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வாய், காட்டு என்கிறாள். அச்சுறுத்தல், திசை திருப்பல், விளையாட்டு — இன்றும் வீடுகளில் இந்த மூன்றே. (கைபேசி நான்காவதா, நிலவின் இடத்தில் வந்ததா என்று நமக்குள் விவாதம் முடியவில்லை.) அவளுக்கு இம்மூன்றும் சோற்றுக்கு மாற்றாக இருந்தன. வீட்டிலிருந்த அவள் நாளை, பரிசில் தேடி வெளியே போன கணவர் அறிந்துவைத்திருந்தார். அரசன் முன் சொல்லவும் கூசவில்லை.

இக்காலத்துக் கணக்கையும் பார்த்தோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை மட்டும் பார்ப்பவர்கள் வேலை செய்யாதோர் என்ற வகையில் அடங்கினர். 2019இல் இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுதும் நேரப் பயன்பாட்டை அளந்தது. வீட்டு உறுப்பினர்களைப் பராமரிப்போருள், பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரி 134 நிமிடம், ஆண்கள் 76. ஊதியமில்லா வீட்டுவேலை செய்வோரில் பெண்களுக்கு 299, ஆண்களுக்கு 97. பசுக்கள் கதற நின்றவளின் பொழுதை நிமிடத்தில் அளந்தால் இப்படித்தான் வரும் போலும்.

நம் குழுவைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஓராண்டுக்கு மேலாக அந்தக் கூடத்தில் அமர்ந்து தாய்மையைப் பற்றி எத்தனையோ பேசியிருக்கிறோம். காப்பி உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்தது. ஒருநாளேனும் அந்தப் பெண்ணை வந்து உட்காருங்கள் என்று அழைத்ததில்லை; அழைத்திருந்தாலும் அவர் அமர்ந்திருக்க இயலாது என்பது வேறு.

இப்போது கூட்டத்தைக் காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டரைக்கு மாற்றியிருக்கிறோம். பையன் உறங்கும் நேரம் அது. சென்ற மாதம் நீராட்டத் திருமொழியை அவரே வாசித்தார். நான்காம் பாசுரத்தில் பையன் விழித்துக்கொண்டான். ஆசிரியர் எழுந்து போய்த் தூக்கினார். மீதிப் பாசுரங்களை அவர் மருமகள் வாசித்து முடிக்கும் வரை, மொட்டைமாடியில் காக்கையைக் கூப்பிடும் ஆசிரியரின் குரல் கீழே கேட்டுக்கொண்டிருந்தது.