நெருஞ்சிலும் நாணமும்

கீரனூர்ச் சமவெளியின் வறண்ட வரப்புகளில் நெருஞ்சில் விதைப்பாரின்றியே படர்கிறது. வெறுங்காலோடு நடப்போர்க்கு அது முள். நாட்டு வைத்தியர்க்கோ நீரடைப்பை நீக்கும் மூலிகை. அதே நெருஞ்சிலின் சாறு இன்று குளிகையாகி, ஆண்மையைப் பெருக்கும் 'இயற்கை மருந்து' என்னும் பெயரோடு நகர்க் கடைகளில் வீற்றிருக்கிறது. வரப்பு முள் வணிகப் பண்டமான வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பது நமக்கு நலம் தரும். ஏனெனில் அதில் விற்கப்பட்டது மூலிகை மட்டுமன்று. மனிதனின் நாணமும் விற்கப்பட்டது.

நம் சித்த மருத்துவம் உடலை ஏழு கட்டுகளாகப் பகுத்தது. சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, எலும்பு, மூளை ஆகிய ஆறையும் தொடர்ந்து, ஏழாவதாக ஆணின் சுக்கிலத்தை வைத்தது. உண்ட உணவே படிப்படியாக இவ்வேழாகவும் மாறுகிறது என்பது அதன் கொள்கை. ஆகவே பூனைக்காலி, அமுக்கரா, ஓரிதழ்த்தாமரை போன்றவை முழு உடலையும் தேற்றும் மருந்துகளாக, பத்தியத்தோடு சேர்த்தே தரப்பட்டன. ஆயினும் அக்கொள்கையின் நிழலில் ஓர் அச்சமும் வளர்ந்தது. ஏழாவது கட்டு மற்றவற்றின் சாரமெனில், அதன் இழப்பு உயிரின் இழப்பன்றோ எனப் பலர் கலங்கினர்.

இவ்வச்சம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1760இல் திஸ்ஸோ என்னும் சுவிட்சர்லாந்து மருத்துவர், சுக்கிலம் வீணானால் நினைவும் பார்வையும் மங்கும் என்று நூலெழுதி ஐரோப்பாவை நடுங்கச் செய்தார். காலப்போக்கில் கிறிஸ்தவ ஒழுக்க போதனையோடு இம்மருத்துவப் பொய்யும் கலந்தது. பாவம் வேறு, நோய் வேறு என்னும் தெளிவு மங்கியது. இதனை நாம் மறைக்க வேண்டியதில்லை.

அச்சம் இருக்குமிடத்தில் மருந்தும் தோன்றும். 1889 ஜூன் முதல் நாள் பாரிசு நகரில், 72 வயதான பிரௌன்-செக்கார் என்னும் புகழ்பெற்ற உடலியல் அறிஞர், விலங்குகளின் விதைச் சாற்றைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டதால் இளமை திரும்பியது என அறிவித்தார். உலகெங்கும் அச்சாறு விலைபோயிற்று. 2002இல் ஆஸ்திரேலிய அறிஞர்கள் அதே முறையில் சாறு தயாரித்துச் சோதித்தபோது, உடலில் மாற்றம் விளைவிக்கும் அளவுக்கு அதில் ஹார்மோன் இல்லை எனக் கண்டனர். அவ்வறிஞரைத் தேற்றியது அவருடைய நம்பிக்கையே! உண்மையான ஆண் ஹார்மோனாகிய டெஸ்டோஸ்டிரோன் 1935இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டில் அதைச் செயற்கையாகவும் உருவாக்கிய புட்டனாண்டும் ருஷிச்காவும் 1939இன் வேதியியல் நோபல் பரிசுக்குத் தெரிவாயினர்.

நம் மண்ணில் மருந்தை நேர்மையோடு வளர்த்தோரும் இருந்தனர். 1876இல் திண்டுக்கல்லுக்கு ஆசிரியப் பயிற்சி பெற வந்த ஆபிரகாம் பண்டிதர் (1859–1919), இவ்வட்டாரத்திலேயே சித்த மருத்துவம் பயின்றவர். நம் திருச்சபையைச் சாராத கிறிஸ்தவராயினும், நாம் பெருமையோடு நினைக்கத் தக்கவர். பின்னாளில் தஞ்சையில் பெருந்தோட்டம் அமைத்து மூலிகைகளைத் தாமே பயிரிட்டார். அவருடைய மருந்துகள் கடல் கடந்தும் சென்றன.

ஆனால் நாளிதழ்கள் பெருகியபோது வேறொரு வாணிகமும் பெருகியது. இன்ன நாளில் இன்ன விடுதியில் வைத்தியர் தங்குவார், இரகசியம் காக்கப்படும் என்னும் விளம்பரங்களை நாம் அறிவோம். இவற்றைத் தடுக்கவே 1954இல் மருந்துகள், மாய நிவாரணங்கள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரச் சட்டம் பிறந்தது. இன்பத் திறனைப் பெருக்குவதாக மருந்தை விளம்பரம் செய்தல் குற்றமாயிற்று. 1959இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் சில பகுதிகளை நீக்கினும், இத்தகைய விளம்பரம் பேச்சுரிமையின் பாதுகாப்புக்கு உரியதன்று என்றது. அடுத்த ஆண்டு மனநல மருத்துவர் விக், சுக்கிலம் இழந்ததால் மெலிந்தோம் என வருந்தும் இளைஞரின் துன்பத்தை 'தாது' நோய்க்குறித் தொகுதி எனப் பெயரிட்டு விளக்கினார். அவர்களுக்குத் தேவைப்பட்டது இலேகியமன்று, ஆறுதலும் விளக்கமுமே.

அப்படியாயின் மூலிகைகள் பொய்யா? அல்ல. 1937இல் சென்னையில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபா என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். நடுக்குவாத நோய்க்கு இன்று அதுவே முதன்மை மருந்து. பூனைக்காலி விந்தணுக் குறைவுக்கு ஓரளவு உதவுவதாக இலக்னோ ஆய்வாளர்கள் 2009இல் எழுதினர். அமுக்கராவுக்கும் சிற்சில சான்றுகள் உண்டு. ஆனால் அதனால் ஈரல் கெட்ட செய்திகளும் உண்டு. நெருஞ்சிலோ, நலமுள்ள ஆடவரிடம் நடந்த ஆய்வுகளில் ஹார்மோனை உயர்த்தவில்லை. இன்னும் அஞ்சத்தக்கது கலப்படம். 1998இல் ஒப்புதல் பெற்ற சில்டெனாஃபில் மருந்தை மூலிகைப் பொடியில் மறைத்துக் கலப்பவர் உண்டு. இதய நோய்க்கு நைட்ரேட் மாத்திரை உண்போர்க்கு அது உயிருக்கே ஆபத்து.

நாணத்தின் விலை பணம் மட்டுமன்று. ஆண்மைத் தளர்ச்சி பலருக்கு நீரிழிவின் அல்லது இதய நோயின் முன்னறிவிப்பு. அதை இரகசியப் பொடியால் மூடுபவன் தன் நோயையே மூடுகிறான். குழந்தையின்மையில் ஏறத்தாழப் பாதி ஆணின் காரணமும் சேர்ந்ததே. ஆயினும் பழி மனைவியின் தலையிலேயே விழுகிறது. மருத்துவர் மேற்பார்வையின்றி டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்பவருக்கோ விந்தணு உற்பத்தியே குன்றிவிடும்.

சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரத்தில் மருத்துவனை மதிக்கவும் மருந்தைப் புறக்கணியாதிருக்கவும் கற்பிக்கிறது. மறைவில் விற்பவனை மதிக்க அது கற்பிக்கவில்லை. உடலைப் படைத்தவர் இறைவன் என்று அறிக்கையிடும் நாம், அவ்வுடலின் ஒரு பகுதியைப் பற்றி மட்டும் ஏன் வாய்திறக்க அஞ்ச வேண்டும்? திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் மணமகனுக்கும் இதனைத் தெளிவாகக் கூறுவோம். துணைவன் கலங்கும்போது துணைவி நகையாதிருக்கட்டும். மகன் கேட்கும்போது தந்தை சினவாதிருக்கட்டும். சித்த மருத்துவரையே நாடினாலும், பதிவு பெற்றவரை, இரத்தப் பரிசோதனைக்குப் பின் நாடுவோம். வீட்டில் மனம்விட்டுப் பேச இடமிருந்தால், நம் நாணத்தை விலைபேச வருபவனுக்கு நம் ஊரில் வேலை இராது.