மலையேறிய சுண்ணாம்பு

பீர்மேடு வட்டத்துக் காட்டினுள் நிற்கும் பெரியாற்றணையைப் பற்றிப் பேசுவோர், பென்னிகுக்கின் மன உறுதியையும் மதுரைச் சீமையின் வயல்களையுமே பெரும்பாலும் பேசுவர். அத்தனை சுண்ணாம்பு அம்மலைமேல் எங்ஙனம் ஏறிற்று என வினவுவோர் சிலரே. அணையின் வரலாற்றில் பாதி அவ்வினாவுள் அடங்கியுள்ளது என்பது என் கருத்து.

1887-இல் தொடங்கப்பெற்ற அவ்வணை, அடித்தளத்திலிருந்து 176 அடி உயரமும் 1,200 அடி நீளமும் உடையது. கல் மலைமேலேயே கிடைத்தது. அதனைப் பிணைக்கும் சுண்ணாம்புக்கல்லோ கீழே கம்பம் பள்ளத்தாக்கில், கூடலூரை அடுத்த குருவனூற்றுப் பகுதியில் இருந்தது. இடையே ஏறத்தாழ 1,500 அடி ஏற்றம்; அடர்ந்த காடு; யானைக் கூட்டம்; குளிர்காய்ச்சல். புகைவண்டிக்கோ நெடுந்தொலைவிலுள்ள அம்மையநாயக்கனூருக்குத்தான் செல்லவேண்டும்.

மலையடி வரை மாட்டுவண்டி உதவிற்று. அதற்கு மேல் கம்பிவடப் பாதை, அதாவது ரோப்வே, அமைத்தனர். மும்பையிலும் கொல்கத்தாவிலும் துறைமுகப் பளுதூக்கிகளை நாள்தோறும் காணும் நேயர்களுக்கு இது சிறு பொருளாகத் தோன்றலாம். ஆயின் அக்கருவி அந்நாளில் புதியது. சுரங்கங்களில் சங்கிலிகள் அறுந்து விழக் கண்ட வில்ஹெல்ம் ஆல்பர்ட், 1834-இல் ஜெர்மனியின் ஹார்ஸ் மலையில் இரும்புக் கம்பிகளைத் திரித்து வடமாக்கினார். ஓடும் வடத்திலேயே தொட்டிகளைத் தொங்கவிட்டுப் பாரம் கடத்தும் முறைக்கு 1868-இல் ஆங்கிலேயரான சார்லஸ் ஹாட்ஜ்சன் காப்புரிமை பெற்றார். வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை அவ்வடத்திற்கு வேண்டியதில்லை. தூண்களை நட்டால் பள்ளத்தையும் பாறையையும் நேரே கடந்துவிடும். தேக்கடியை அடைந்த சுண்ணாம்பு, பின்னர் நீர்வழியே படகில் அணைத்தலம் சேர்ந்தது.

எனினும் வடம் மனிதரைச் சுமையினின்றும் முற்றும் விடுவித்ததாக எண்ணலாகாது. கல்லை வெட்டியதும், சூளையில் சுட்டதும், சுட்ட களிமண்பொடியான சுர்க்கியோடு குழைத்ததும் ஆட்களைக்கொண்டே நடைபெற்றன. காலராவிலும் காய்ச்சலிலும் மாண்டவர் பலர். 1895 அக்டோபர் 10 அன்று ஆளுநர் வென்லாக் பிரபு நீரைத் திறந்துவிட்டார். லோயர் கேம்ப்பில் 2013-இல் பென்னிகுக்குக்கு மணிமண்டபம் எழுந்தது முறையே. அங்கே சுண்ணாம்புத் தொட்டி ஒன்றையும் வைத்தல் தகும்.

அதே மலைத்தொடரில், வடக்கே மூணாற்றிலும் இச்சிக்கல் எழுந்தது; அங்கே சரக்குக் கீழிறங்கவேண்டும். 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் இட்டனர். பாரத்தின் பெரும்பகுதி தண்டவாளத்தின்மீது நிற்க, சாயாதிருக்கப் பக்கத்துச் சக்கரமொன்று மண்ணில் உருளும், இழுத்தவை காளைகள்! 1908-இல் அதனிடத்தில் இரண்டடி அகலச் சிறு இருப்புப்பாதையும் நீராவி எஞ்சினும் வந்தன. 1924 ஜூலை வெள்ளம் அப்பாதையைச் சிதைத்தது. மீண்டும் அதனை எவரும் அமைக்கவில்லை.

அப்பாதையின் முடிவில் தேயிலையைக் கம்பிவடத்தில் ஏற்றிக் கொட்டகுடிப் பக்கம் இறக்கினர். அங்கிருந்து போடிநாயக்கனூருக்கு வண்டியில் சென்றது. வடத்தின் மேல்முனை இருந்த இடமே டாப் ஸ்டேஷன். பெயரைக் கேட்டு, அங்கே இன்றும் புகைவண்டி நிலையத்தைத் தேடும் பயணியர் உளர்.