புறக்காழின் வலிமை

மலைச்சரிவிலும் சேற்றிலும் பாறைகளுக்கிடையிலும் ஓடும் லாரியின் அடிப்பகுதியில், கியர்ப் பெட்டிக்கும் பின் அச்சுக்கும் இடையே நீண்ட உருளை ஒன்று சுழன்றுகொண்டிருக்கும். பட்டறைகளில் 'ஷாப்ட்' என்று வழங்கும் அதனை இக்கட்டுரையில் சுழல்தண்டு என்போம். என்ஜினில் பிறக்கும் ஆற்றலைச் சக்கரங்களிடம் சேர்ப்பது அதன் பணி. அஃது ஒடிந்தால் லாரி நின்றுவிடும். ஏற்றத்தில் ஒடிந்தாலோ, என்ஜினின் பிடிப்பும் அற்றுப்போக, பாரம் முழுவதையும் பிரேக் ஒன்றே தாங்கவேண்டிய நிலை நேரும். இத்துணைப் பொறுப்புடைய உறுப்பு, உள்ளே ஒன்றுமில்லாத வெறுங்குழாய் என்று அறிந்தால் மாணவர் வியப்பர். "திண்ணிய இரும்புத் தண்டாகவே செய்துவிட்டால் ஒடியாதன்றோ?" என்று வினவவும் செய்வர். எளிய வினாதான். ஆயினும் அதற்குரிய விடை முந்நூறு ஆண்டு வரலாற்றில் அடங்கியுள்ளது.

அவ்விடையின் முதல் அடியை விளக்க நம் மொழியிலேயே நல்ல சொற்கள் உள்ளன. தொல்காப்பிய மரபியல் நிலைத்திணையை இரண்டாகப் பகுக்கிறது. உள்ளே வயிரம் உடையது மரம். புறத்தே வயிரம் உடையது புல். அகக்காழ், புறக்காழ் என்னும் இவ்விரு சொற்களும் பொருளின் வலிமை எங்கே அமைந்துள்ளது என்பதைச் சுட்டுகின்றன. இதனைக்கொண்டு நம் முன்னோர் எந்திரவியலை அன்றே கண்டுவிட்டனர் என்று பெருமை பேசுதல் பொருந்தாது. அவர்கள் செய்தது கூர்ந்து நோக்கியதும் பெயரிட்டதுமே. அளந்து காட்டும் பணியைப் பிறர் பின்னாளில் செய்தனர்.

அப்பணியைத் தொடங்கியவர் இத்தாலிய அறிஞர் கலிலியோ. வீட்டுக்காவலில் இருந்த முதுமைக் காலத்தில் அவர் எழுதிய 'இரு புதிய அறிவியல்கள்' என்னும் நூல் 1638இல் ஆலந்து நாட்டு லெய்டன் நகரில் வெளிவந்தது. பறவைகளின் எலும்பும் நாணலும் உள்ளீடற்றனவாயிருந்தும் எளிதில் முறிவதில்லை என்பதை அவர் அந்நூலில் எடுத்துக்காட்டினார். தன் தாளினும் எடைமிக்க கதிரைக் கோதுமைத்தாள் சுமந்து நிற்கிறது. அதே அளவு பொருளைக்கொண்டு அத்தாள் திண்ணியதாய் அமைந்திருந்தால், மெலிந்து, வளையவும் முறியவும் எளிதாகியிருக்கும் என்பது அவர் காட்டிய உண்மை. ஒத்த எடையும் ஒத்த நீளமும் உடைய குழாயையும் தண்டையும் ஒப்பிட்டு, விட்டத்தில் பெரியதாகிய குழாயே வளைவை மிகுதியாகத் தாங்கும் என நிறுவினார்.

கலிலியோ கண்டது வளைவு பற்றியது. சுழல்தண்டு தாங்குவதோ முறுக்கு. முறுக்கினை அளந்தவர் பிரெஞ்சு அறிஞர் கூலும். மெல்லிய கம்பிகளை முறுக்கி ஆராய்ந்து 1784இல் அவர் அளித்த கட்டுரை, முறுக்கை எதிர்க்கும் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கிற்கேற்ப உயரும் என்று காட்டிற்று. விட்டம் இருமடங்கானால் விறைப்புப் பதினாறு மடங்காகும் என்பது இதன் பொருள். முறுக்குண்ட தண்டில் தகைவு நடுவில் சுழியாகவும் புற விளிம்பில் மிகுதியாகவும் இருக்கும். நடுவிலுள்ள இரும்பு எடையைக் கூட்டுவதன்றி வேறு பயன் பெரிதும் தருவதில்லை.

கணக்கிட்டுப் பார்ப்போம். புறவிட்டம் 75 மில்லிமீட்டரும் சுவர்த்தடிப்பு 2 மில்லிமீட்டரும் உடைய எஃகுக் குழாயை எடுத்துக்கொள்க. அதே எடையில் அதே எஃகால் திண்ணிய தண்டு செய்தால் அதன் விட்டம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டரே ஆகும். அத்தண்டைக் காட்டிலும் குழாய் ஏறத்தாழ 6 மடங்கு முறுக்கைத் தாங்கும்; விறைப்பிலோ ஏறத்தாழ 18 மடங்கு மேம்பட்டது. மாணவரின் வினாவிற்கு இதுவே விடை.

எனினும், அறிந்தது வேறு, ஆக்கியது வேறு. கலிலியோவின் நூல் வெளிவந்தபின் நல்ல எஃகுக் குழாய் கைக்கு வர ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு கடந்தது. இரும்பைத் தகடாக்கி, சுருட்டி, விளிம்புகளைப் பற்றவைத்தே அந்நாளில் குழாய் செய்தனர். இங்கிலாந்தில் எரிவாயு விளக்குகள் தோன்றியபோது பழைய துப்பாக்கிக் குழல்களை ஒன்றோடொன்று பொருத்தி வாயுவைக் கொண்டுசென்றனர். 1825இல் கார்னீலியஸ் ஒயிட்ஹவுஸ் என்பார், பழுக்கக் காய்ச்சிய தகட்டை இழுத்தே குழாயாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதனால் குழாய் மலிந்தது. ஆனால் பற்றவைத்த தையல் அதன் உடலில் இருந்தது. கடும் முறுக்கில் அத்தையலே முதலில் பிளக்கும் என்ற அச்சமும் உடன் இருந்தது.

அவ்வச்சத்தைப் போக்கியவர்கள் செருமனி நாட்டு ரெம்ஷைட் நகரின் மான்னெஸ்மன் உடன்பிறப்பினர். சாய்வாக அமைந்த இரு உருளைகளுக்கிடையே காய்ச்சிய எஃகுக் கட்டியைச் சுழலவிட்டால் அதன் நடுப்பகுதி நெகிழ்ந்து திறக்கும். அவ்விடத்தில் முளை ஒன்றைச் செலுத்தினால் தையலே இல்லாத குழாய் கிடைக்கும். இம்முறைக்கு அவர்கள் 1885இல் காப்புரிமை பெற்றனர். அடுத்த பத்தாண்டில் மிதிவண்டி மோகம் உலகெங்கும் பரவியபோது, மெல்லியதும் வலியதுமான குழாய்க்குப் பெருந்தேவை எழுந்தது. அதனால் வளர்ந்த குழாய்த் தொழில் மோட்டார் வண்டிக்கும் துணைநின்றது.

தொடக்கக்கால மோட்டார் வண்டிகள் பல, மிதிவண்டியைப் போலவே சங்கிலியால் ஓடின. முதல் உலகப் போரில் பெயர்பெற்ற மேக் ஏ.சி. லாரியும் சங்கிலியால் இயங்கியதே. சங்கிலி சேற்றையும் மணலையும் வாரிக்கொண்டு விரைவில் தேயும். 1898இல் லூயி ரெனோ தாம் உருவாக்கிய சிறுவண்டியில் சங்கிலியை நீக்கிச் சுழல்தண்டை அமைத்தார். மேடுபள்ளங்களில் அச்சு ஏறி இறங்கும்போது தண்டின் கோணமும் மாறும் ஆதலின், அதன் முனைகளில் வளைந்து கொடுக்கும் மூட்டுகள் வேண்டும். அத்தகைய மூட்டை இராபர்ட் ஊக் 1676இல் வெளியான நூலிலேயே விளக்கியிருந்தார். அதனை மோட்டார் வண்டிக்கேற்ற உறுதியான உறுப்பாக்கியவர் அமெரிக்கரான கிளாரன்சு இசுபைசர். 1903இல் காப்புரிமை பெற்ற அவர், 1904இல் நியூ செர்சியின் பிளெயின்பீல்டில் உற்பத்தியைத் தொடங்கினார்.

இவ்வமைப்பைக் கடுமையாகச் சோதித்தது இரண்டாம் உலகப் போர். ஜீப்பும், 1941க்கும் 1945க்கும் இடையே 5 இலட்சத்திற்கும் மேல் உருவான செனரல் மோட்டார்சின் ஆறு சக்கர இரண்டரை டன் லாரியும், முன் பின் அச்சுகள் அனைத்திற்கும் ஆற்றலைச் செலுத்தின. அதனால் ஒரே வண்டியில் பல சுழல்தண்டுகள் தேவைப்பட்டன. போர் முடிந்தபின், படைத்துறை கழித்த லாரிகளைப் பட்டறைக்காரர்கள் மாற்றியமைத்து, இழுவைப் பொறி பூட்டி, மலாயாக் காடுகளில் மரம் இழுக்கப் பயன்படுத்தினர். 'சான் தாய் வோங்' என்று வழங்கிய அவ்வண்டிகளை நம் மூத்த தலைமுறையினர் அறிவர்.

அவ்வகை லாரிக்கு இன்று மாற்றுத்தண்டு தேர்பவரும் இவ்வரலாற்றின் படிகளையே மீண்டும் கடக்கிறார். முன்சொன்ன குழாயின் தடிப்பை 2இலிருந்து 3 மில்லிமீட்டராக்கினால் வலிமை ஏறத்தாழ 44 விழுக்காடு உயரும். எடையோ 48 விழுக்காடு ஏறும். தடிப்பை மாற்றாமல் விட்டத்தை 90 மில்லிமீட்டராக்கினால் வலிமை ஏறத்தாழ 46 விழுக்காடு உயரும். எடை 20 விழுக்காடே ஏறும். கணக்கு, பெரிய விட்டத்தையே பரிந்துரைக்கிறது. ஆனால் காட்டுப்பாதையில் பாறையும் உண்டு. மெல்லிய சுவர் பாறையில் மோதி நசுங்கினால், அந்நசுங்கலிலேயே குழாய் மடிந்து முறுகும். ஆகவே சாலையில் ஓடும் லாரிக்கு அகன்ற மெல்லிய குழாயும், பாறையில் ஏறும் லாரிக்குத் தடித்த சுவருடைய குழாயும் ஏற்றவை. பற்றவைத்த குழாயை அச்சுமுளையின்மீது குளிர்நிலையில் இழுத்துச் சீராக்கும் முறை இன்று உண்டு. அது தையலின் குறையைப் பெரிதும் போக்குகிறது. குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு இன்னும் வலியதாகலாம். ஆயின் அதன் முழுமேன்மை வெப்பப் பதத்தைப் பொறுத்தது. முனைகளைப் பற்றவைக்கும் சூடு அப்பதத்தைக் குலைக்கவும் கூடும்.

நீளமும் கருதத்தக்கது. சுழலும் தண்டு குறிப்பிட்ட வேகத்தை எட்டும்போது வில்லாய் வளைந்து அதிரும் என்பதை இரேங்கின் 1869இல் ஆராய்ந்து எழுதினார். தண்டின் நீளம் இருமடங்கானால் அவ்வேக எல்லை நான்கில் ஒன்றாகக் குறையும். சுவரைத் தடிப்பாக்குவதால் அவ்வெல்லை உயர்வதில்லை. விட்டத்தைப் பெருக்கினால்தான் உயரும்.

இன்னும் ஒன்று. குழாயை அளவுகடந்து வலுப்படுத்தினால் முறிவு நீங்கிவிடுவதில்லை, வேறிடம் செல்கிறது. தண்டு தாங்கிய முறுக்கை அடுத்து அச்சின் பற்சக்கரங்கள் தாங்கவேண்டும். எங்கேனும் ஒன்று முதலில் முறியத்தான் போகிறது என்றால், காட்டிலேயே கழற்றி மாற்றக்கூடிய எளிய உறுப்பு முறிவதே நலம். தேர்ந்த பட்டறைக்காரர் இதனை அறிந்தே குழாயைத் தேர்வர்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலேயே காட்டலாம். ஒரே அளவுள்ள இரு தாள்களில் ஒன்றை இறுகச் சுருட்டுக. மற்றதை அகன்ற குழாயாக்கி ஒட்டுக. எது எளிதில் வளைகிறது என்பதை மாணவரே சொல்லட்டும். பின்னர் அகன்ற குழாயை விரலால் சற்றே நசுக்கி, மீண்டும் வளைக்கச் சொல்க. பாறையின் பாடம் அவர்களுக்கு அங்கேயே விளங்கும்.

கலிலியோவின் பெயரைப் பாடநூல்கள் சொல்லும். ஒயிட்ஹவுசின் பெயரையும் மான்னெஸ்மன் பெயரையும் சொல்லுவது அரிது. உண்மையைக் கண்டவர் ஒருவர். அதனைக் கையில் பிடிக்கும் பொருளாக்கியவர் பலர். இவ்விருவகை அறிவையும் ஒருங்கே மதிக்கக் கற்பித்தால்தான், நம் மாணவர் ஏட்டறிவோடு நின்றுவிடாமல் உலகை உருவாக்கும் கைகளாகவும் வளர்வர்.