கிசிமி ஆறு மீண்ட வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலே, ஏறக்குறைய 166 கிலோமீற்றர் தூரம் வளைந்து வளைந்து ஒக்கிச்சோபி ஏரியை அடைந்தது கிசிமி ஆறு. 1947ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தாற் கலங்கிய மக்கள் பாதுகாப்பு வேண்டினர். அவர்களைக் குறைகூறுதல் முறையன்று. வெள்ளத்தில் வீடிழந்தவனுக்கு ஆற்றின் வளைவிலே அழகு தோன்றுமா? இராணுவப் பொறியியலாளர் 1962 முதல் 1971 வரை உழைத்து, அவ்வாற்றை 90 கிலோமீற்றர் நீளமான நேர்வாய்க்காலாக்கினர்.

வெள்ளம் அடங்கியது, நீரும் உயிர்ப்பை இழந்தது. 9 மீற்றர் ஆழமான வாய்க்காலில் ஓட்டம் மந்தமாயிற்று. துண்டிக்கப்பட்ட பழைய வளைவுகளில் நீர் தேங்கியது. நீர்த்தாவரங்கள் அழுகி அடியிலே படிந்து, நீரிற் கரைந்திருந்த பிராணவாயுவைக் குறைத்தன. மேலே வந்து காற்றை உட்கொள்ளவல்ல மீன்களுக்கே அங்கு வாழ்வு எளிதாயிற்று. கரையோரச் சதுப்பு நிலங்கள் வறண்டன. குளிர்காலத்தில் வந்து தங்கிய வாத்தினங்களுள் பத்தில் ஒரு பங்குதானும் எஞ்சவில்லை.

ஆற்றை மீட்க 1992இல் அமெரிக்கப் பேரவை அனுமதியளித்தது. 1999இல் வாய்க்காலை மண்ணிட்டு நிரப்பத் தொடங்கி, 35 கிலோமீற்றரளவு தூர்த்து, 2021இல் வேலையை முடித்தனர். ஓட்டம் திரும்பிய இடங்களில் ஆய்வாளர் கருத்தூன்றி அளந்தவற்றுள் முக்கியமானது கரைந்த பிராணவாயு, அது உயர்ந்திருந்தது. சேறு அடித்துச் செல்லப்பட, மணற்றிட்டுகள் மீண்டும் தோன்றின. கொக்கும் நாரையும் திரும்பின. வாய்க்காலின் எஞ்சிய பகுதிகள் வெள்ளக் காப்புக்காக அவ்வாறே விடப்பட்டுள்ளன.